முதல் லயத்து ஆறு வீடுகள்

மலாக்கா டவுனில் ஒரு தையல் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது டெஸ்மண்டின் கம்ப்யூட்டர் கம்பெனி. மூன்று மேசை, இரண்டு கம்ப்யூட்டர், கதவருகே ஒரு பிரிண்டர். 1994ஆம் வருடம் ஒரு வீடமைப்பு நிறுவனம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தது. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. தோட்டத்தை மூடும்போது அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறிய வீடு கொடுப்பதாக ஏற்பாடு. யார் யாருக்கு வீடு என்று பட்டியல் போடும் புரோகிராமை டெஸ்மண்ட் எழுதினான். குடும்ப விவரங்களைப் பதிவு செய்து, மூட்டையாகக் கட்டி, டிஸ்கெட்டில் ஏற்றி அனுப்புவது செலஸ்டினின் வேலை.

செலஸ்டின் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். குடும்பத்துக்கு ஒரு ஃபைல் வைத்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் எண்ணையும் வீட்டின் எண்ணையும் சேர்த்து அதற்குப் பெயர் கொடுத்தாள். மேல் டிவிஷனில் நாற்பது வீடுகள். கீழ் டிவிஷனில் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரே ஒரு லயம், அதில் ஆறு வீடுகள். இரண்டையும் தனித்தனி டைரக்டரியில் வைத்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தாள். சிதறிக் கிடந்த ஃபைல்கள் டிவிஷனுக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகளாகச் சுருங்கின. நிறுவனத்தில் அவற்றை அவிழ்க்கிறவர்கள் கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டு மூட்டையையும் தானே அவிழ்த்துப் போடும்படி ஒரு சின்ன ஃபைலையும் எழுதிச் சேர்த்தாள். நல்ல மனசோடு செய்த காரியந்தான் அது.

பட்டியலை, வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒட்டிய பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை காலையில், சுப்பன் அந்த மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளியூர் போவதற்கென்று வைத்திருக்கும் சட்டையைப் போட்டிருந்தார். பட்டியலின் அடியில் கம்பெனியின் பெயரும் விலாசமும் இருந்ததால், அதை அச்சடித்தவர்களுக்கே அதிகாரமும் இருக்கும் என்று நினைத்து வந்திருந்தார்.

செலஸ்டின் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. மேல் டிவிஷன் முதல் லயத்தில் ஆறு வீட்டுக்கும் பட்டியலில் பெயர் இல்லை என்றார். சனிக்கிழமை மதியத்துக்குள் சொல்லாவிட்டால் பட்டியல் முடிவாகிவிடும், அதற்குப் பிறகு ஆறு குடும்பமும் தெருவில்தான். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் போட்ட பட்டியல் தப்பாகாது என்று சொல்லிவிட்டாராம்.

காரணம் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். போன மாதம் நிறுவனத்தார் தோட்டத்துக்கு வந்து கூட்டம் போட்டபோது, தண்ணீரும் கரண்டும் வராத வீட்டுக்கு எப்படிக் குடிபோவது என்று அவர் எழுந்து கேட்டிருக்கிறார். அவரைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர் பேசியதற்குத்தான் லயத்தையே நிறுவனம் தள்ளிவிட்டது என்று, இப்போது அந்த ஐந்து வீட்டிலும் அவரிடம் யாரும் பேசுவதில்லை.

"மத்த அஞ்சு வீட்டயும் சேத்துருங்க தங்கச்சி. என் பேரு வேணாம்னு எழுதியே குடுத்துர்றேன். எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

வீடு கொடுப்பதும் மறுப்பதும் தங்கள் கையில் இல்லை என்று அவள் விளக்கினாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியில், "பாக்கறேன் அங்கிள்," என்று மட்டும் சொன்னாள். தொழிலாளர் அலுவலகத்துக்கும் போய்க் கேட்டுவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்புவதாகச் சொல்லி, வந்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.

அவர் போனதும் பட்டியலின் நகலை எடுத்து எண்ணினாள். நாற்பது பெயர்கள். நாற்பத்தாறு இருக்கவேண்டும்.

காலி டைரக்டரி ஒன்றில் அந்த மூட்டைகளைத் தன் கம்ப்யூட்டரிலேயே அவிழ்த்துப் பார்த்தாள். திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடி நின்றன. நாற்பது ஃபைல்கள். மூட்டை கட்டும் கட்டளையில் டைரக்டரியின் பெயரையும் சேர்த்துக் கட்டு என்பதற்கு ஓர் எழுத்தைச் சேர்க்கவேண்டும். அவள் அதை விட்டிருந்தாள். அதனால் இரண்டு டிவிஷனும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. மேல் டிவிஷனிலும் முதல் லயம் உண்டு, கீழ் டிவிஷனிலும் முதல் லயம் உண்டு. பின்னால் அவிழ்ந்த கீழ் லயத்து ஆறு வீடுகள், முன்னால் வந்த ஆறு வீடுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஆறு முறை கேட்டிருக்கும். கேட்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தவள் அவள்தான்.

"மாதாவே," என்றாள் வாய்க்குள். பிறகு எழுந்துபோய் டெஸ்மண்டிடம் சொன்னாள்.

டெஸ்மண்ட் கோபப்படவில்லை. இது நடக்கக்கூடிய தப்புத்தான் என்றான். புதிதாகக் கட்டிக் கொடுத்து, திருத்திய பட்டியல் என்று தலைப்புப் போட்டு ஒட்டிவிட்டால் போதும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்றான். அந்த நிறுவனம் அடுத்து பாயா ரும்புட்டில் ஒரு வேலையையும் தருவதாகச் சொல்லியிருந்தது. அதையும் அவன் சொன்னான்.

"அவங்க அவர்கூடப் பேசறதில்ல பாஸ். பதினோரு நாளா. பட்டியலத் திருத்திட்டா அது சரியாயிருமா?"

அவன் பிரிண்டரை நிறுத்தினான். பிறகு கார் சாவியை எடுத்தான். "சொல்றதுன்னா நீயே சொல்லு. நான் கார்லயே இருப்பேன்லா."

புதிய டிஸ்கெட்டுகளை அவள் இரண்டு முறை அவிழ்த்துச் சரிபார்த்தாள். அலோர் காஜாவில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் அவற்றை ஏற்றியபோது நாற்பத்தாறு பெயர்களும் வந்தன. நடந்ததை அங்கிருந்த அதிகாரியிடமும் மறைக்காமல் சொன்னாள். அவர் புதுப் பட்டியலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. முதல் லயத்துப் பொதுக் குழாயடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டாம் வீட்டுக் குஞ்சம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். செலஸ்டின் தான் யாரென்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். ஃபைல், டைரக்டரி என்று தொடங்கியது யாருக்கும் ஏறவில்லை. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"இங்க ஒரு மொத லயம் ரெண்டாம் வீடு இருக்கு. கீழயும் ஒரு மொத லயம் ரெண்டாம் வீடு இருக்கு. நான் ரெண்டையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். கடைசியா வந்தது மொதல்ல வந்தத அழிச்சிருச்சி."

"எம்மவன் லெட்டரு மாதிரி," என்றாள் குஞ்சம்மா. "அது எப்பவும் கீழ போயிட்டுத்தான் இங்க வரும்." இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப சுப்பன் பேசினதுனால இல்லியா?"

"இல்ல ஆன்ட்டி. அவர் பேசாம இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். தப்பு என்னோடது."

"நல்லாப் படிச்ச போ. ஆறு குடும்பத்த ஒரு தட்டுல தொடச்சிட்டியே தாயி," என்றாள் குஞ்சம்மா.

செலஸ்டின் தலைகுனிந்தாள். அந்த வார்த்தை தனக்கு வரவேண்டியதுதான் என்று இருந்தது. பிறகு, சுப்பன் காலையில் மாடியேறி வந்ததையும், தம் பெயரை எடுத்துவிட்டு மற்ற ஐந்து வீட்டைச் சேர்க்கச் சொன்னதையும் சொன்னாள். ஒருவர் போய்க் குழாயை மூடினார்.

குஞ்சம்மா பட்டியலைக் கேட்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சுப்பனுடையது எங்கே என்றும் கேட்டாள். செலஸ்டின் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு துணியை அப்படியே போட்டுவிட்டு, காகிதத்தோடு சுப்பன் குடியிருக்கும் நாலாம் வீட்டுக்கு நடந்தாள்.

கதவு பூட்டியிருந்தது. அவர் இன்னும் வரவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். குஞ்சம்மா திரும்பி வரவில்லை. அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, காகிதம் கசங்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

செலஸ்டின் காருக்கு வந்தாள். டெஸ்மண்ட் எஞ்சினை முடுக்கியிருந்தான்.

"அவர் பஸ் வர்ற வரைக்கும் இருக்கலாமா பாஸ்?"

அவன் மணியைப் பார்த்தான், லயத்துப் பக்கம் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.