மேலே போகும் வேகம்

இணைய இணைப்பு விற்க வந்த மஞ்சள் சட்டைப் பெண் விளம்பரத் தாளை மேசைமீது விரித்து வைத்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நூறு, இருநூறு, முந்நூறு என்று மூன்று வேகங்கள் மூன்று கட்டங்களுக்குள் அச்சாகியிருந்தன. கண்ணாடிக்காரர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்ப்பது அவருடைய வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருவருக்குத் தலைவலி வரும் என்பதால், எதையும் நிதானமாகச் செய்தே பழகியவர்.

"படம், பாட்டு, கேம்ஸ், எல்லாம் சும்மா பறக்கும் சார். வீட்ல எத்தனை பேரு?"

"இப்போதைக்கு ரெண்டு பேரு. நானும் பொண்ணும்."

"பொண்ணு என்ன படிக்கிறாங்க? ஆன்லைன் கிளாஸ்னா இந்த நடு பிளான் கரெக்டா இருக்கும்."

"அவளுக்கு ரெண்டரை வயசும்மா."

பேச்சு ஒரு கணம் தடுமாறி நின்றது. அந்த இடைவெளியில் கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. இங்கேருந்து மேல போற வேகம் எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

"டவுன்லோடா சார்?"

"இல்லம்மா. அப்லோடு. இங்கேருந்து எங்க படம் அந்தப் பக்கம் போகணும்."

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். பிறகு மனம்விட்டுச் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

அந்தப் பெண் போன பிறகு, அவ்வளவு நேரமும் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தார். மாடியில் குடியிருப்பவர். தம்பி வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை சிட்டுவைப் பார்த்துக்கொள்வதும், தம்பியைக் கிண்டல் செய்வதும் அவர் தாமாகவே ஏற்றுக்கொண்ட பொறுப்புகள்.

"ஒரு வயரு வாங்கறதுக்கு இத்தனை கேள்வியாடா? பொண்ணு பாக்கப் போன அன்னிக்குக்கூட நீ வாயைத் திறக்கலையே!"

"அவளைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுக்கா."

அக்காவுக்கு அதற்குமேல் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

கண்ணாடிக்காரரின் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. செயற்கைப் பற்கள் செய்யும் ஆய்வகத்தில் மெழுகால் பல் வடிப்பதில் அவளுக்கு இணையாக இன்னொருவரைக் காட்டுவது கடினம். அந்த ஆய்வகமும் கண்ணாடிக் கடையும் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொண்டவை. மதிய உணவு வேளையில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் அவர் அவளிடமிருந்து கைமொழியைக் கற்றுக்கொண்டார். முதல் மூன்று மாதம் அவர் கை உளறியதை எண்ணி அவள் இன்றும் சிரிப்பாள். கடல் தாண்டிய ஓர் ஊரிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு அழைப்பு வந்தபோது, போகச் சொன்னவரும் அவரே. அப்போது சிட்டுவுக்கு ஒரு வயது இரண்டு மாதம். பதினாறு மாதங்கள் ஓடிவிட்டன. இன்னும் எட்டு இருந்தன.

மற்ற வீடுகளில் படம் நின்றால் குரல் நிற்பதில்லை. முகம் உறைந்துபோனாலும், "கேக்குதா, கேக்குதா" என்றபடி பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இவர்களுக்குப் படம்தான் பேச்சு. சந்தின் கடைசியில், நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்த அந்த வீட்டில் கைப்பேசியின் இணையம் மூச்சுத் திணறும். அவள் கை ஒரு சொல்லைத் தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி அசையும்போது வேறொரு சொல்லின் கடைசியில் இருக்கும். இடையில் போனது போனதுதான். அவர் பழக்கத்தால் இட்டு நிரப்பிக்கொள்வார். இரண்டரை வயதுக் குழந்தையால் எதைக் கொண்டு நிரப்ப முடியும்? கொஞ்ச நாளாகச் சிட்டு திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அதுவே அதிகம் என்பதுபோல் எழுந்து போய்விடுகிறாள்.

சென்ற வாரம் மனைவி எழுத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "நான் வரும்போது என் கை அவளுக்குப் புரியாமல் போனால், அந்த வீட்டில் நான் யார்?" அவர் அதற்கு நான்கு முறை பதில் எழுதி நான்கு முறையும் அழித்தார். கடைசியில், "நல்ல லைன் போடுகிறேன்" என்று மட்டும் அனுப்பினார்.

ஆகவே அவர் தேட ஆரம்பித்தார். அந்தச் சந்துக்கு இரண்டு பேருடைய கம்பிதான் வரும். ஒன்று உள்ளூர்க் கேபிள்காரருடையது, மற்றது மஞ்சள் சட்டைக் கம்பெனியுடையது. விளம்பரத் தாளை நம்ப அவருக்கு மனமில்லை. வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? இணைப்பு இருக்கும் வீடுகளுக்கே போய், அனுமதி கேட்டு, அங்கிருந்து மனைவியை அழைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

முதலில் கேபிள்காரரின் இணைப்பு உள்ள டீச்சரம்மா வீடு. மனைவிக்கு விடுமுறையான ஒரு காலைப் பொழுதில் படம் அருமையாக வந்தது. ஆனால் மற்ற நாட்களில் அவள் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது இங்கே மாலை ஏழு மணியாகிவிடும். அதே வீட்டுக்கு மாலையிலும் போனார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் வேளை அது. மனைவியின் முகம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது. டீச்சரம்மா தம்முடைய தவறு போல வருந்தி, "காலையில வந்து பேசிக்கோங்களேன், நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

மஞ்சள் சட்டைக் கம்பெனியின் இணைப்பு சலூனில் இருந்தது. மறுநாள் மாலை ஏழு மணிக்குக் கண்ணாடிக்காரர் அங்கே போய், காரணத்தைச் சொல்லிப் பணிவாக அனுமதி கேட்டார். சலூன்காரர் ஓரத்து நாற்காலியைக் காட்டினார். கைப்பேசியைப் பவுடர் டப்பாவின்மேல் சாய்த்து வைத்ததும் அவள் வந்தாள். தெளிவாக, முழுதாக, விரல் நுனிவரை. எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் அவர் கைகள் இன்னொரு முறை பேசிக்கொண்டிருந்தன.

"எங்க இருக்கே? பின்னால யாரு, மூஞ்சியெல்லாம் நுரையோட?" என்று அவள் கையால் கேட்டாள். கைமொழியில் 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் ஒரே விரல்தான். அந்த ஒருமை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

"சலூன். லைன் பாக்க வந்தேன்."

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். பதினாறு மாதத்தில் அந்தச் சிரிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் பார்த்தது அன்றுதான். பிறகு, தான் அங்கே கட்டிலில் இன்னமும் சுவர் ஓரமாகத்தான் படுப்பதாகவும், மற்ற பாதியில் கையை நீட்டக்கூடத் தோன்றவில்லை என்றும் சொன்னாள். ஒரு சொல்கூட உதிரவில்லை. நான்கு ஆண்களுக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில், அவர் அதை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டார். "நானும்தான்" என்று விரல்களால் பதில் சொன்னார்.

பாதித் தாடியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "என்னண்ணே சொல்றாங்க?"

"லைன் நல்லா இருக்குதுங்கறாங்க."

"அதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"யோவ், அவங்க ஒவ்வொரு புள்ளியா எண்ணிப் பாத்துச் சொல்றாங்கய்யா. நீ தலையை ஆட்டாதே, காதுல கத்தி பட்டுடும்" என்ற சலூன்காரர், அந்த மனிதரின் சுழல்நாற்காலியை மெதுவாகக் கண்ணாடி இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த நாற்காலியையும் அப்படியே திருப்பினார்.

செய்தி சந்து முழுவதும் பரவ ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. கேபிள்காரர் கையில் குறடோடு வாசலில் வந்து நின்றார். உறவு என்று எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணாடிக்காரரை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் மாப்ள, பதினோரு வருஷமா உங்க வீட்டு டிவி என் கம்பியிலதானே ஓடுது? நடுராத்திரி புயல்லகூட கம்பம் ஏறியிருக்கேன். இப்ப கோட்டு போட்டவன் கம்பெனி இனிக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சாயங்காலம் படம் கொஞ்சம் அப்படி இப்படி நிக்கும், ஒத்துக்கறேன். ஆனா பேச்சு நிக்காது மாப்ள! என் லைன்ல குரல் அறுந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் தொழிலையே விட்டுடறேன். குரல் மட்டும் கணக்கா போய்ச் சேர்ந்துடும், அது—"

அந்த இடத்தில் அவருக்கே சுருக்கென்று உறைத்துவிட்டது. கையிலிருந்த குறடை இரண்டு முறை திறந்து மூடினார். இப்படிப்பட்ட நேரங்களில் எதிரில் நிற்பவருக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்பது இத்தனை வருடத்தில் கண்ணாடிக்காரருக்குப் பழகியிருக்கவில்லை.

"எந்த எழவு கம்பெனியையோ போட்டுக்கோ" என்றார் கேபிள்காரர், குரல் இறங்கி. "ஆனா ஜன்னல் சட்டத்துல ஓட்டை போட விடாதே, மழைத் தண்ணி உள்ள இறங்கும். என் கம்பி வர்ற வழியிலயே இழுத்துக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." இரண்டடி போனவர் திரும்பினார். "தங்கச்சியைக் கேட்டேன்னும் சொல்லு."

வெள்ளிக்கிழமை பிற்பகலில் இணைப்பு வந்தது. நூல் போன்ற ஒரு கம்பி, கேபிள்காரர் சொன்ன வழியாகவே உள்ளே நுழைந்து, அலமாரியின்மேல் ஒரு வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் ஒன்றுதான் என்று மஞ்சள் சட்டைப் பெண் தாமே தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரர் அன்று கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். அறையில் வெளிச்சம் போதுமா என்று பார்த்து, விளக்கை இடம் மாற்றினார். சிட்டுவுக்குத் தலை வாரி, வேறு சட்டை போட்டு, கைப்பேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, தாமும் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்தார்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். அவளுடைய நகக் கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி தெரிந்தது. இடது கட்டை விரலில் சூடேற்றிய மெழுகுக் கத்தி சுட்ட தழும்பு ஒன்று தெரிந்தது. பழைய தழும்பு, நன்றாக ஆறிப்போனது. எப்போது சுட்டது, யார் மருந்து போட்டது, எதுவும் அவருக்குத் தெரியாது. காதோரம் நாலைந்து நரைமுடி. இவ்வளவு தெளிவு வேண்டும் என்றுதானே வீடு வீடாக ஏறி இறங்கினார்?

"தெரியுதா?" என்று கேட்டார்.

"எல்லாம் தெரியுது. நீ இளைச்சுட்டே" என்றாள் அவள். பிறகு சிட்டுவைப் பார்த்து, இரண்டு கைகளாலும், மிக மெதுவாக, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

சிட்டு எழுந்து போகவில்லை. அவளிடம் பெரிய செய்தி ஒன்று இருந்தது: காலையில் ஒரு காக்கை அவளுடைய பிஸ்கட்டைக் கொத்திக்கொண்டு போயிருந்தது. இரண்டு விரல்களை வாயருகே குவித்து அலகு காட்டினாள். அலகு திறந்து மூடியது. கை சிறகாக விரிந்து மேலே எழும்பியது. முகத்துக்கு நேராக வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. கண்கூட இமைக்கவில்லை.

திரையில் மனைவியின் முகம் வாடியது. "மறுபடி நின்னுபோச்சு" என்று அவள் சோர்வாகக் கையசைத்தாள். பழக்கத்தால் தன் கைப்பேசித் திரையை விரலால் தட்டத் தொடங்கினாள். கண்ணாடிக்காரர் பதறித் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பெட்டியில் பச்சை விளக்குகள் நான்கும் ஒழுங்காகவே எரிந்தன. மறுபடி குழந்தையைப் பார்த்தார். அவள் இங்கே, அவருடைய மடிக்கு முன்னால், மூச்சை அடக்கிக்கொண்டு, கையை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். கவனமாக, மரியாதையாக, ஒரு சொல்லுக்கு உரிய இலக்கணத்தைக் கடைப்பிடிப்பவளைப் போல.

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அம்மாவின் பேச்சு நடுவில் நிற்கும். எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு வேறோர் இடத்தில் தொடரும். சிட்டு கற்ற மொழி அதுதான். அதை அவளுக்கு வேறு விதமாகக் காட்ட வீட்டில் ஒருவருமே இருக்கவில்லை. கைமொழி தெரிந்த ஒரே மனிதர், அது அவளுடைய அம்மாவின் சொத்து என்று எண்ணியவர்போல், பதினாறு மாதமும் மகளிடம் வாயாலேயே பேசிவந்திருந்தார்.

அவர் தம் கையைச் சிட்டுவின் தோளுக்குப் பின்னாலிருந்து நீட்டி, திரைக்குத் தெரியும்படி ஆட்டினார். மனைவி அதைப் பார்த்தாள். ஆடும் கையையும் ஆடாத கையையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

போதுமான நேரம் ஆகிவிட்டதென்று தோன்றியதோ என்னவோ, சிட்டு திடீரென்று அசைந்தாள். கொத்தியதையும் பறந்ததையும் விட்டுவிட்டு நேரே கடைசிச் சொல்லுக்குத் தாவி, வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பிஸ்கட் இல்லை. பிறகு, இனி அம்மாவின் முறை என்பதுபோல் முழங்காலில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்லடா கண்ணு" என்று வாயால் சொல்ல வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அங்கே, திரையில், மனைவி வலது கையை உயர்த்தினாள். காக்கையின் அலகைக் காட்டினாள். கை சிறகாக விரிந்தது, மேலே எழும்பியது, முகத்துக்கு நேராக வந்து நின்றது. சிட்டு தலையை ஆட்டியபடி, அவசரமே இல்லாமல், பெரிய பொறுமையோடு காத்திருந்தாள். கண்ணாடிக்காரர் முன்னால் குனிந்து திரையைக் கூர்ந்து பார்த்தார். மனைவியின் கண் அசையவில்லை, விரல் அசையவில்லை. நெற்றியில் விழுந்திருந்த ஒற்றை முடி மட்டும், அந்த ஊரின் ஏதோ ஒரு காற்றில், மெல்ல எழுந்து எழுந்து தணிந்துகொண்டிருந்தது.