ஏ பிரிவுக்கு ஒரு சிடி, பி பிரிவுக்கு ஒரு சிடி

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடியும் கைதட்டல் கேட்டது. தட்டியது மனிதர்கள் இல்லை, கம்ப்யூட்டர். எட்டாம் வகுப்பு ஏ பிரிவுப் பிள்ளைகள் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் திரையில் ஒரு யானை வந்து தும்பிக்கையைத் தூக்கும், ஸ்பீக்கரில் கைதட்டல் எழும். இந்தப் பக்கம் மலர்கொடி டீச்சரின் பி பிரிவு, ஐந்து கம்ப்யூட்டரைச் சுற்றி முப்பத்தெட்டுப் பேராக நெருக்கியடித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் வரும் பச்சை எழுத்தை முறைத்துக்கொண்டிருந்தது. "தவறு. முந்தைய படிக்குச் செல்க" என்றது திரை. ஜமீல் மவுஸை மேசைமேல் பட்டென்று வைத்தான்.

"நமக்கு மட்டும் ஏன் டீச்சர் இந்தத் திட்டுற சிடி? அவங்களுக்கு யானையெல்லாம் வருது."

"வாய மூடிக்கினு போடுறா" என்றாள் மலர்கொடி. அவளுக்குள்ளும் அதே கேள்விதான் எரிந்துகொண்டிருந்தது.

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் பக்கத்துக்கு உதவ வந்த டிரஸ்டுகளில் ஒன்று, ஜூன் மாதம் பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. கூடவே கணக்குச் சொல்லித்தரும் சிடி இரண்டு, இரண்டு கம்பெனிகளுடையது. எது நல்லது என்று இங்கே பார்த்துவிட்டு, கடற்கரையோரம் தாங்கள் உதவும் எல்லாப் பள்ளிகளுக்கும் அதையே வாங்குவதாக டிரஸ்டின் சரஸ்வதி மேடம் பாண்டிச்சேரியிலிருந்து வந்து விளக்கினார். ஏ பிரிவுக்கு ஒன்று, பி பிரிவுக்கு மற்றது. பத்து வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே பரீட்சை. கம்ப்யூட்டரைத் தவிர வேறு விதமாகக் கணக்கு நடத்தக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ஏ பிரிவுக்குக் கணக்கு வாத்தியார் சிவஞானம்.

மலர்கொடியும் சிவஞானமும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு மாணவியை டஸ்டரால் அடித்து உதடு கிழிந்தபோது, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னவள் மலர்கொடி. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட மனிதர், உப்பளத்தில் கூடை தூக்கும் அந்த மாணவியின் தகப்பனிடம் எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவர் தன் நாற்காலியை அவளுக்கு முதுகு காட்டித்தான் போட்டுக்கொள்வார். சாக்பீஸ் டப்பா வேண்டுமென்றாலும் மூன்றாவது ஆளிடம்தான் கேட்பார். சரஸ்வதி மேடம் ஒப்பிடச் சொன்னது இரண்டு சிடியை. இந்த இரண்டு பேர் காதிலும் அது அப்படி விழவில்லை.

ஜூலையில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், ஆளில்லாத நேரம் பார்த்து மலர்கொடி அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றின்முன் உட்கார்ந்தாள். ஒரு கணக்கு, நான்கு விடை. வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தப்பு, அதற்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவதும் தப்பு. நான்காவதாக மிச்சமிருந்ததை அழுத்தினாள். யானை வந்து தும்பிக்கையைத் தூக்கியது, மார்க் பத்துக்குப் பத்து. பிள்ளைகளின் பட்டியலைத் திறந்தாள். எல்லார் பெயருக்கு எதிரிலும் நூறு, நூறு, நூறு. பகீரென்றது அவளுக்கு. அது பிள்ளைகளுக்காகப் பட்ட கவலை இல்லையென்று அப்போதே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் தட்சணாமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டெஸ்ட்ல தானா தெரிஞ்சிரும்மா. இப்ப எதுக்கு வம்பு?"

அவளுடைய சிடியும் ஒன்றும் உயர்ந்ததில்லை. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று அது சரியாகக் கண்டுபிடிக்கும், ஏன் விழுந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது. எட்டாம் வகுப்புப் பின்னத்தில் தொடங்கிய ஜமீல் ஒரே வாரத்தில் மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதனால் நான்கு மணிக்கு மேல் கடைசி அறையில் கரும்பலகையை வைத்துக்கொண்டு மலர்கொடி தானே நடத்த ஆரம்பித்தாள். சந்தேகம் தீர்ப்பதுதானே என்று சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கதவை மட்டும் சாத்திக்கொள்வாள்.

ஆகஸ்டு கடைசியில் பரீட்சை வைத்தார்கள். சரஸ்வதி மேடம் வினாத்தாள் கட்டோடு வந்திறங்கினார். ஏ பிரிவில் நாற்பத்தொரு பேருக்கு முப்பது பேர்தான் வந்திருந்தார்கள்.

"உப்பு வார்ற சீசன் மேடம். பாதிப் புள்ளைங்க அளத்துக்குப் போயிடும்" என்றார் சிவஞானம்.

மலர்கொடி வருகைப் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். வராத பதினோரு பேரும் கணக்கில் வகுப்பின் கடைசிப் பதினோரு பேர். பி பிரிவுப் பெண் ஒருத்தி அவள் சேலைத் தலைப்பை இழுத்து மெதுவாகச் சொன்னாள். "சார்தான் நேத்தே அவங்கள வர வேணாம்னுட்டாரு டீச்சர்."

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மொபெட்டை எடுத்தாள்.

அளத்தில் வெயில் கீழிருந்தும் அடித்தது. பாவாடைமேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் உப்புக் கூடையோடு, வராத பதினோரு பேரில் ஒருத்தியான செந்தமிழ் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா பாப்பாத்தி.

"நல்லாப் படிக்கிற புள்ளைங்களுக்கு மட்டும்தான் பரிச்சன்னு சார் சொன்னாராமே?" என்றாள் பாப்பாத்தி.

"யாரு சொன்னா? எல்லாருக்கும்தான். உன் பொண்ண அனுப்பு."

பாப்பாத்தி கூடையை இறக்கிவைத்தாள். கேனில் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சாய்த்து மகளின் முகத்தைக் கழுவிவிட்டாள். காலைக் கழுவத் தண்ணீர் போதவில்லை. முழங்கால்வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்க, செந்தமிழ் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"மெய்யாலுமே நானும் எழுதலாமா டீச்சர்?"

"எழுதலாம்."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல எப்பவுமே நூறு டீச்சர். சாருக்கு அது தெரியாதுபோல."

மலர்கொடி வண்டியை முறுக்கினாள்.

பரீட்சை அறைக்கு அழைத்துப்போகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் ஹெட்மாஸ்டர் அறையைத் தாண்டும்போது சரஸ்வதி மேடமும் சிவஞானமும் டீ குடித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. சிவஞானம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் மலர்கொடியின் கால் உள்ளே திரும்பிவிட்டது.

"மேடம், இந்தப் பொண்ணு ஏ பிரிவு. யானை சிடில நூறு மார்க். இன்னிக்கு வராதன்னு சார் சொல்லி அனுப்பிட்டாரு. ஏன்னு நீங்களே பாருங்க."

சுவரில் இருந்த சின்னக் கரும்பலகையில் இரண்டில் ஒன்று, கூட்டல், மூன்றில் ஒன்று என்று எழுதி, சாக்பீஸை அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள்.

செந்தமிழ் பலகையைப் பார்த்தாள். "நாலு வெட எங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு மலர்கொடியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கையால் அழித்தாள். ஆறில் ஒன்று என்று எழுதினாள், திரும்பிப் பார்த்தாள், அழித்தாள். ஐந்தில் ஒன்று. மறுபடியும் பார்த்தாள்.

"பாத்தீங்களா மேடம்? இதுதான் நூறு மார்க் வாங்கின புள்ள!" மலர்கொடியின் குரல் உச்சத்துக்குப் போயிருந்தது.

சிவஞானம் டம்ளரை டொக்கென்று வைத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நாலு மணிக்கு மேல கடைசி ரூம்ல கதவ சாத்திக்கினு நீ என்னா பண்றம்மா? அதையும் மேடத்துகிட்ட சொல்லேன்! சிடியா நடத்திச்சி அங்க? உன் புள்ளைங்க மார்க்கு வாங்குனா அது எந்தக் கம்பெனி மார்க்கு?"

"அடிபட்ட புள்ளைக்காக மன்னிப்புக் கேக்க வெச்சேன்னுதானே உங்களுக்கு இந்த..."

"ஆமா! அதுக்குத்தான்! நீ மட்டும் வேற எதுக்கு இதெல்லாம் பண்ண?"

"டீச்சர்," என்றார் சரஸ்வதி மேடம், "அவர் சொல்றது உண்மையா?"

மலர்கொடி, "ஆமாங்க மேடம்" என்றாள்.

மேடம் பேனாவை மூடினார். "பத்து வாரம் வீணாப் போச்சு. இத வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. பசங்க எதுக்கு ஆசையா உக்கார்றாங்களோ அதையே வாங்கச் சொல்லிடறேன்." தட்சணாமூர்த்தி அவசரமாகத் தலையாட்டினார். அப்படியானால் யானை சிடிதான். சிவஞானம் ஜெயித்துவிட்டார். அவர் முகத்தில் அதற்கான சந்தோஷம் எதுவும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

செந்தமிழ் அதே இடத்தில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தாள். பலகையில் ஆறில் ஐந்து என்று எழுதியிருந்தது. எப்போது எழுதினாள் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. சரியான விடைதான். தெரிந்து போட்டாளா, எழுதி அழித்து அழித்து வந்து சேர்ந்தாளா என்று மலர்கொடியால் சொல்ல முடியவில்லை.

"வா, பரிச்ச ஹால்ல உக்காரலாம். இன்னும் நேரம் இருக்குது."

"வேணாம் டீச்சர்."

"உன்ன எழுத வெக்கத்தான கூட்டிக்கினு வந்தேன் செந்தமிழு."

"இல்ல டீச்சர். சார்கிட்ட சண்ட போடக் கூட்டிக்கினு வந்தீங்க." அதில் கோபம்கூட இல்லை. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

மலர்கொடி வண்டியோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவளை எட்டிப் பிடித்தாள். "ஏறிக்கோ, வெயிலு" என்றாள். அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. கொஞ்ச தூரம் இரண்டு பேரும் பக்கம்பக்கமாகப் போனார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்ட முடியாமல் வண்டி இருமிவிட்டு நின்றது. மலர்கொடி இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்த செந்தமிழ், இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, சாலையின் எதிர் ஓரத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்தாள். நடுவில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று போனது, அதன் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஒவ்வொன்றும் கடந்தபிறகு, எதிர் ஓரத்தில் அந்த வெள்ளைக் கால்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தன.