குத்துவாளின் இடம்

நூற்று எண்பத்தேழு பவுண் ஐம்பது பென்ஸ். லெஸ்லி அண்ணையின் வாளை முறித்ததற்கு நான் கொடுக்க வேண்டியிருந்த காசு அது.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியின் மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பழைய வாள்வித்தை பழகுகிறோம். நானூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் போர்ப் புத்தகம் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை அண்ணை வாசிப்பார். நாங்கள் செய்து பார்ப்போம். வலக்கையில் மழுங்கிய வாள், இடக்கையில் குத்துவாள். அதில் ஒரு படம். ஒருவனின் குத்துவாள் எதிரியின் வாளைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் தடுத்து நிற்கிறது.

"அங்கையே அடியும்" என்றார் எதிரில் வாளோடு நின்ற அண்ணை. பாய்ந்தேன். என் குத்துவாள் போய்ச் சேருமுன் அவருடைய வாள்முனை என் பஞ்சுச் சட்டையில் குத்தி, வளைந்து, முறிந்தது.

நான் எழுத்துக்கூட்டப் பழகியது நாற்பத்திரண்டு வயதில், கவுன்சில் வகுப்பில். மற்றவர்கள் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை நான் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை முடிந்து, அலுத்துப்போய் பஸ்ஸில் வரும்போதும் அதன் பிரதி மடியில் கிடந்தது. அந்த மனிதனின் இடக்கால் முன்னே. வலக் குதிகால் தரையில் இல்லை.

அடுத்த சனி சொன்னேன்: "அண்ணை, இது தொடக்கமில்லை. அவன் வந்து முடிச்ச இடம்."

"அப்பிடி எழுதேல்லையே. எங்கை வாசிச்சனீர்?"

"அவன்ரை குதியிலை."

மண்டபக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு வைத்திருக்கும் எமில்டா என்னைப் பார்த்துச் சிரித்தார். "றெஜினோல்ட் அண்ணை, காசு குடுக்காமல் தப்பிற வழியோ?"

"காசு கவரிலை இருக்கு. முதல் அண்ணையை வேறை வாளொண்டைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

ஒருவன் பிடித்திருக்கும் நீளக் குழாயை அவன் கையடியில் தள்ளினால் அசையாது. நுனியில் ஒரு விரல் போதும். சாரம் கட்டுகிற எவனுக்கும் அது தெரியும். குத்துவாளை அண்ணையின் வாளின் நுனிப்பக்கம் வைத்து வெளியே தள்ளினேன். இடக்காலை முன்னே வைக்க, குத்துவாள் அவர் வாளின் நீளத்துக்கும் வழுக்கிக் கைப்பிடியில் போய் நின்றது. என் வாள்முனை அவர் நெஞ்சில்.

"இன்னொருக்கா" என்றார். மூன்று தரம் செய்தோம். எமில்டா படத்தைத் தூக்கிப் பிடித்து, "குதியும் சரி" என்றார்.

அண்ணை முகமூடியைக் கழற்றி, நான் சொன்னதைப் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதினார். நான் கவரை நீட்டினேன்.

"வையும் உள்ளை. பிழையான இடத்தைக் காட்டினது நான். என்ரை வாளை நான்தான் முறிச்சனான்."

கவரை என் பைக்குள் அவரே திணித்துவிட்டு, மறுபடி வாளைப் பிடித்தார்.