கீழ் வரிசை, இடது பக்கம்

பாடகர் தேன்குரலாரை முதன்முதலாக நேரில் கேட்டது எங்கே என்று யாராவது அக்காவிடம் கேட்டால், யோசிக்கவே மாட்டாள்.

"எங்க கிளினிக்ல. கழுத்துல பச்சை பிளாஸ்டிக் துணி கட்டியிருந்தாரு."

கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். உடனே உள்ளறையிலிருந்து தங்கையின் குரல் பாயும்.

"பொய் சொல்லாதேக்கா! மொத நாள் சாயந்திரம் அரங்கத்துல கேட்டோமே, மூணாவது வரிசையில உக்காந்து?"

"அது கணக்குல சேராது."

ஏன் சேராது? சேராததற்குக் காரணமே அந்தத் தங்கைதான்.

தங்கை பல் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் குட்டி. செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. உள்ளறையில் சாய்வு நாற்காலியும் குட்டியும். வெளியறையில் காத்திருக்கும் நோயாளிகளும், அவர்களை மேய்க்கும் அக்காவும். அக்காவின் மேஜையில் ஒரு காலண்டர், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் நூலில் கட்டிய பேனா, ஒரு ஸ்பீக்கர். உள்ளே பல்லைத் துளைக்கும் மெஷின் கிளம்பியதும் அக்கா ஸ்பீக்கரில் தேன்குரலாரின் சத்தத்தைக் கூட்டுவாள். நாற்காலியில் கிடப்பவர் அலறினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். அப்படியே அந்தக் கிளினிக்கின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு உயிர் என்றால் படகுப் பாட்டு. தேன்குரலார் எந்த மேடையிலும் கடைசியாகப் பாடுவது அதைத்தான். வார்த்தை எதுவும் வருவதற்கு முன்னால் நீளமாக ஒரு 'ஆ' வரும். ரெக்கார்டில் அதை வெட்டிச் சின்னதாக்கி வைத்திருந்தார்கள். நேரில் கேட்டவர்கள் மட்டும், "ஒவ்வொரு தடவையும் அந்த 'ஆ' வேற வேற மாதிரி வரும்" என்று சொல்லி அக்காவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கச்சேரி, மழையில் அடித்துக்கொண்டு போனது. அடுத்ததற்குக் கிளம்பும்போது மகனுக்கு அம்மை. மூன்றாவதாக இப்போது ஒன்று வந்தது.

"இந்த தடவை வானமே இடிஞ்சு விழுந்தாலும் போறேன்" என்றாள் அக்கா. "அந்த 'ஆ'வைக் கேட்டுட்டாப் போதும். அப்புறம் எனக்குக் காது போனாலும் கவலையில்ல."

துணைக்குக் குட்டி போனாள். குட்டிக்குச் சங்கீதம் சுத்த சூனியம். அழைப்பு மணிக்கும் ஆலாபனைக்கும் அவளுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் கண் கூர்மை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மறப்பாள். அவருடைய முன்பல்லின் ஓரம் உடைந்திருப்பதை மறக்க மாட்டாள்.

அரங்கம் பிதுங்கி வழிந்தது. வெள்ளைச் சட்டையில் தேன்குரலார் மேடையேறியதும் எழுந்த சத்தத்தில் அக்கா குட்டியின் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினாள். முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. மூன்றாவதில் குரல் உச்சத்துக்கு ஏறியபோது அவர் கண்ணை மூடி, இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

கூட்டம் வெறி பிடித்த மாதிரிக் கத்தியது. முன்வரிசையில் ஒரு ஆள் தானும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அதான் அவரு ஸ்டைல்!" அக்கா காதில் கிசுகிசுத்தாள். "இப்ப ஒரு வருஷமாத்தான் இப்படிப் பண்றாரு. எல்லா போஸ்டரும் இந்த போஸ்தான்!"

"ஒரு வருஷமாவா?"

பழைய கொலை ஒன்றுக்குப் புதிதாகத் துப்புக் கிடைத்த இன்ஸ்பெக்டர் மாதிரி குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் காதில் எதுவும் விழவில்லை. கண் மட்டும் வேலை செய்தது. பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தார். தலையை வலது பக்கம் சாய்த்துக் குடித்தார். சிரித்தபோது இடது ஓரம் திறக்கவேயில்லை. குரல் மேலே ஏறும்போதெல்லாம் தாடை ஒரு பக்கமாக இழுத்தது.

"அக்கா, அது ஸ்டைல் இல்ல. பல்லு."

"வாய மூடு."

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. உள்ள அடைச்சது பெயர்ந்திருக்கும்."

"மானத்த வாங்காதடி! அவரு உருகிப் பாடறாரு, இவ பல்ல எண்றா!"

அந்த நேரம் தேன்குரலாரின் கண்ணிலிருந்து ஒரு துளி உருண்டது. கூட்டமே சேர்ந்து மூக்கை உறிஞ்சியது. அக்கா முந்தானையை எடுத்துக்கொண்டாள். குட்டி மட்டும் பல்லைக் கடித்தாள். அந்தத் துளிக்கு என்ன காரணம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இடைவேளை. விளக்குகள் எரிந்தன. கோட்டுப் போட்ட ஒரு ஆள் வியர்க்க விறுவிறுக்க மேடைக்கு ஓடி வந்தார். தேன்குரலாரின் மேனேஜர்.

"ஐயாவுக்குத் தொண்டை கொஞ்சம்... அடுத்த பாதியச் சுருக்கமா முடிச்சுக்க வேண்டியிருக்கும். தயவுசெஞ்சு பொறுத்துக்கணும். அரங்கத்துல டாக்டர் யாராவது இருந்தா மேடைக்குப் பின்னால வரவும்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. சுருக்கம் என்றால் முதலில் வெட்டு விழுவது கடைசிப் பாட்டுக்குத்தான்.

"குட்டி..." என்றாள். சற்றுமுன் வாயை மூடச் சொன்ன அதே வாய். "போடி. போய்ப் பாரு. எம் பாட்டைக் காப்பாத்து."

அன்று மதியம் முதியோர் இல்லத்தில் பல் முகாம். பெட்டி காரிலேயே இருந்தது. குட்டி அதை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் பறந்தாள். கோட்டு வழிமறித்தது.

"என்ன டாக்டரும்மா?"

"பல் டாக்டர்."

"அம்மா, அவருக்குத் தொண்டை!"

"தொண்டைன்னு சொன்னது நீங்க. அவரு எங்க கை வச்சிருக்காருன்னு பாருங்க."

திறந்திருந்த கதவு வழியே தேன்குரலார் தெரிந்தார். கண்ணாடிக்கு முன்னால், இடது கன்னத்தைத் தாங்கியபடி, அடிபட்ட குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊசிக்கு அவருக்குப் பயம். அதனால் ஒரு வருஷமாகப் பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால் தொண்டை என்பார். கன்னத்தில் கை வைத்ததைக் கூட்டம் கொண்டாடியதும், வலியும் சம்பாதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"வலிக்குமா?" என்றார் குட்டியிடம். லட்சம் பேரை அழ வைத்த குரல், கோழிக்குஞ்சு மாதிரிக் கேட்டது.

குட்டி டார்ச் அடித்துப் பார்த்தாள். சொன்ன இடம், சொன்ன பல். மருந்து ஒத்துக்கொள்ளுமா, வேறு நோய் உண்டா என்று கேட்டாள். ஊசியை எடுத்தாள். ஏற்றினாள். பெயர்ந்ததைச் சுத்தம் பண்ணித் தற்காலிகமாக அடைத்தாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

தேன்குரலார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை அதிசயமாகப் பார்த்தார்.

"வலி போயிடுச்சு! ஒரு வருஷத்துக்கப்புறம் போயிடுச்சு! தாயே, நீ நல்லா இருக்கணும்!"

குட்டிக்கு உச்சி குளிர்ந்தது. பெட்டியை மூடினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வசனம் தானாக வந்து விழுந்தது.

"நாக்கும் உதடும் மரத்துப் போகும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அதிகமாப் பேசாதீங்க. சூடா எதுவும் சாப்பிடாதீங்க."

தேன்குரலார் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பாதலாமா?" என்றார் தேன்குரலார். கேள்வியே பாதிதான் வெளியே வந்தது. கீழ் உதடு இடது பக்கம் தொங்கத் தொடங்கியிருந்தது.

கோட்டு சுவரைப் பிடித்துக்கொண்டது. குட்டி தலையில் கை வைத்தாள். பல்லைப் பார்த்தாள், வலியைப் பார்த்தாள். அந்தப் பல் இருக்கும் வாய்தான் அக்காவின் பாட்டைப் பாட வேண்டும் என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை!

அடுத்த பாதியில் வாத்தியக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். கடைசியில் தேன்குரலார் வந்தார். படகுப் பாட்டின் முதல் இசை எழுந்ததும் மைக்கை எடுத்தார். கூட்டத்தை நோக்கித் திருப்பினார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

அரங்கமே பாடியது. ஆளுக்கொரு சுருதியில் 'ஆ' என்றது. "என்ன பெருந்தன்மை! பாட்டையே நமக்குக் குடுத்துட்டாரு!" என்று பக்கத்து ஆள் தேம்பினார். தேம்பிக்கொண்டே கழுதை தோற்கிற மாதிரிப் பாடவும் செய்தார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உள்ள என்ன பண்ணின?"

குட்டி சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க, டாக்டர்" என்றாள் அக்கா.

அவள் வாயில் 'டாக்டர்' வந்தால், கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் கிளினிக் மாடிப்படியில் காலடிச் சத்தம். முன்னால் கோட்டு. பின்னால் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு தேன்குரலார். தற்காலிக அடைப்புக்குப் பிறகு முழு வைத்தியம் பார்த்தாக வேண்டுமே. காத்திருந்தவர்களில் கன்னம் வீங்கிய ஒருவர், வலியை மறந்து வாயைப் பிளந்தார்.

அக்கா நிமிர்ந்தாள். முகம் வெளிறியது, சிவந்தது. கை மட்டும் பழக்கத்தில் பேனாவைத் தேடியது.

"பேரு?"

"அக்கா!" என்று உள்ளேயிருந்து பல்லைக் கடித்தாள் குட்டி.

"வயசு?" என்றாள் அக்கா.

தேன்குரலார் இரண்டையும் சமர்த்தாகச் சொன்னார்.

உள்ளே நாற்காலி சாய்ந்தது. கழுத்தில் பச்சைத் துணி ஏறியது. குட்டி ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். ஆனால் அதைத் தொடவில்லை. போய்க் கதவை முழுசாகத் திறந்தாள். திரும்பி வந்தாள்.

"ஐயா, வெளிய உக்காந்திருக்கறது எங்க அக்கா. நேத்து உங்க படகுப் பாட்டக் கேக்க வந்தவ. ஊசி போட்டு நாந்தான் கெடுத்துட்டேன். இப்பவும் ஊசி போட்டா இன்னைக்கும் போச்சு. அதனால..."

"அதனால?"

"மொதல்ல பாட்டு. அப்புறம்தான் ஊசி."

"இது மிரட்டல் இல்லையாம்மா?"

"மிரட்டல்தாங்க."

தேன்குரலார் ஊசியைப் பார்த்தார். அதைத் தள்ளிப்போட இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. முகம் மலர்ந்தது. குட்டி விளக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

"ஆ காட்டுங்க."

"ஆ..."

அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. கிளம்பியது. மெல்ல அசைந்து, கரையை விட்டு நகர்ந்து, உள்ளறையைத் தாண்டி வெளியறைக்கு வந்தது. கன்னம் வீங்கியவர் கன்னத்தில் கை வைத்தார். பாட்டுக்கா, வலிக்கா, அவருக்கே தெரியாது. கோட்டு சத்தமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தது. அக்கா பேனாவைக் கீழே விட்டாள். அது நூலில் ஊசலாடியது. முதன்முறையாக அந்தக் கிளினிக்கில் ஸ்பீக்கரை அக்கா அணைத்தாள்.

சங்கீதம் தெரியாத குட்டிக்குக் கூட அன்றைக்கு முழங்கை மயிர் குத்திட்டு நின்றது. நடுவில் இரண்டு சொத்தைப் பல்லைப் புதிதாகக் கண்டுபிடித்தாள் என்பது வேறு விஷயம்.

பாட்டு முழுசாக முடிந்தபிறகே ஊசி. வைத்தியம் முடிந்து, உதடு தொங்க வெளியே வந்தவரை அக்கா கைகூப்பி எழுந்து வணங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காலண்டரை இழுத்தாள்.

"எத்தன தடவ வதணும்?" என்றார் தேன்குரலார்.

'இன்னும் ஒரு தடவை போதும்' என்று சொல்ல உள்ளேயிருந்து குட்டி வாயைத் திறந்தாள்.

அதற்குள் அக்கா எழுத ஆரம்பித்திருந்தாள்.

"எட்டு தடவை வரணுங்க, ஐயா. எல்லாமே காலையில. ஊசி போடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க."