கொழும்பு வாணம் பார்க்கப் போன நால்வர்

ஆம்பூரில் வாணவேடிக்கைப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பள்ளிகொண்டாவில் திருவிழா என்றாலும், வேலூரில் யாராவது பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், வாணம் விடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், நாலு பேரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாமியையோ மாப்பிள்ளையையோ அவர்கள் பார்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. ஆகாசத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

மருந்துக்கடை சம்பத் ஒருவன். தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிய துரைசாமி ஒருவர். தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டைக்கு மண்டி வைத்திருந்த வாஹித் பாஷா மூன்றாமவன். நாலாவது ஆள் தேவசகாயம். தோல் ஷாப்பில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை அவனுக்கு. அவனுடைய அப்பா அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, காலில் சுண்ணாம்பு படாமல் மேஜைக்கு வந்துவிட்டான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் வாஹித். அவன்தான் தேவசகாயத்தை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவன்.

நாலு பேரில் உண்மையிலேயே வாணம் தெரிந்தவன் தேவசகாயம்தான். எந்த உப்பு போட்டால் பச்சை வரும், எதனால் சிவப்பு வரும், ஒரு குண்டு எத்தனை எண்ணுவதற்குள் மேலே போய் வெடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போது அவன் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருப்பான்.

இங்கிலாந்து ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த பங்குனி மாதத்தில், கொழும்பிலிருந்து வாஹித்தின் சித்தப்பா மகன் ஒரு கடிதம் போட்டான். மே மாதம் ஆறாம் தேதி காலிமுகத் திடலில் பெரிய வேடிக்கை, வாணமெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது, இந்த மாதிரி இனி நம் ஆயுசில் நடக்காது என்று எழுதியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பத் கடையின் பின்னறையில் கடிதத்தை மூன்று தடவை படித்தார்கள். மூன்றாவது தடவை முடிந்ததும் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது.

போவது என்று சொன்னது நாலு பேர். போவதற்கான வேலையெல்லாம் தேவசகாயத்தின் தலையில் வந்து விழுந்தது. அவனுக்கு அது பாரமாகவே தெரியவில்லை. ஷாப்பில் வேலை முடிந்ததும் அதே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரயில் கம்பெனிக்கு எழுதினான். கொழும்பு நகரசபைக்கு எழுதி, திடலின் எந்தப் பக்கத்திலிருந்து வாணம் விடப்போகிறார்கள் என்று விசாரித்தான். மூன்று வாரத்தில் பதிலும் வந்தது. அதை வைத்துக்கொண்டு திடலை ஒரு தாளில் வரைந்தான். வைகாசி பிறக்கிற சமயம் அங்கே காற்று தென்மேற்கே கடலிலிருந்து அடிக்கும், வடக்கே நின்றால் புகைதான் மிஞ்சும், தெற்கு ஓரமாக நிற்க வேண்டும் என்று சுழித்துக் காட்டினான். துரைசாமி அந்தத் தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கவர்ன்மெண்டில் இருக்க வேண்டிய மூளை என்று மெச்சினார்.

ரயில் கம்பெனியிலிருந்து வந்த பதிலில் இன்னொரு செய்தியும் இருந்தது. மூன்றாம் வகுப்பில் இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபத்தில் இறக்கி, ஐந்து நாள் முகாமில் வைத்து, நோய் ஒன்றும் இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். இரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே நாலு பேரும் இரண்டாம் வகுப்பில் போவதுதான் சரி என்று சொன்னவனே தேவசகாயம்தான். அதற்காக அவன் கிறிஸ்துமஸிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துச் சம்பத்திடம் கொடுத்தான். சரக்கு வாங்க மதராசுக்குப் போகிற சம்பத் டிக்கெட்டையும் அங்கேயே எடுத்து வருவதாக ஏற்பாடு.

ஒரு கோட்டும் தைத்துக்கொண்டான். அவன் மனைவி சவுரியம்மாள் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, முதுகுப் பக்கம் நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"ஒரே வண்டியில உக்காந்து, ஒண்ணா சாப்ட்டு, ஒரே ரூம்ல படுத்துக்கணுமே. அந்தப் பென்ஷன் பெரியவரு ஒத்துக்கினாரா?"

பத்து வருஷமாகக் கூடவே வண்டியில் போய் வருகிறவர் என்று தேவசகாயம் சொன்னான். வண்டியில் அவன் எப்போதும் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து போனதை அவளும் சொல்லவில்லை, அவனும் நினைத்துப் பார்க்கவில்லை.

சம்பத் மதராசிலிருந்து வந்தான். இரண்டாம் வகுப்பில் மூன்று இடம்தான் கிடைத்ததாம். விழாக் கூட்டம், ஒரே நெரிசல் என்றான். தேவசகாயத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் மிச்சப் பணமும் இருந்தன. மண்டபத்தில் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம், நாங்கள் கூட இருக்கும்போது உனக்கென்ன என்று அவன் தோளைத் தட்டினான். தேவசகாயம் வாஹித்தைப் பார்த்தான். வாஹித் சோடா பாட்டிலின் கோலியை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

முகாம் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த அறையில் மற்ற எல்லாரையும்விடத் தேவசகாயத்துக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கிளம்பினான். ஒன்றரை மாதமாக அந்தத் திடலிலேயே குடியிருந்தவனுக்கு, போக வேண்டாம் என்று முடிவு செய்ய மனம் வரவில்லை.

காட்பாடியில் மாறி, விழுப்புரத்தில் இலங்கைக் கப்பலுக்குப் போகிற போட் மெயிலைப் பிடித்தார்கள். வழியில் பெரிய ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும்போதெல்லாம் வாஹித் இறங்கி வந்து தேவசகாயத்தின் ஜன்னலருகே நின்று பேசிவிட்டுப் போனான். ஒரு தடவை வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மண்டபம். வண்டி நின்றதும் மூன்றாம் வகுப்பை முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள். மூட்டையும் முடிச்சுமாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். தேவசகாயம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் நேரே போனான். தான் குமாஸ்தா என்றும், இரண்டாம் வகுப்பில் இருக்கும் மூன்று கனவான்களுடன் சேர்ந்து கொழும்பு விழாவுக்குப் போவதாகவும் நல்ல இங்கிலீஷில் சொன்னான். டாக்டர் முரட்டு ஆள் இல்லை. அவன் இங்கிலீஷைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர்களில் ஒருவர் இவன் தங்கள் ஆள்தான் என்று சொல்லி, கொழும்பில் தினமும் இவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டுவதாகக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடலாம் என்றார். அதற்கான தாளையும் எடுத்துக்கொண்டு, அவனோடு இரண்டாம் வகுப்பு வண்டிவரைக்கும் நடந்து வந்தார்.

மூன்று பேரும் ஜன்னலோரம் இருந்தார்கள். டாக்டர் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

சம்பத் துரைசாமியைப் பார்த்தான். துரைசாமி தாளை வாங்கவில்லை. அதில் எழுதியிருந்ததை எட்டிப் படித்தார். கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், முப்பது வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தவர்.

"இவரு எங்களோட வரல. ஒரே ஊரு, அவ்ளோதான்" என்றார்.

டாக்டர் அடுத்து வாஹித்தைப் பார்த்தார். தேவசகாயமும் பார்த்தான். வாஹித் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது கார்டு விசில் ஊதினான். அதைக் கேட்டதும் வாஹித் வாயை மூடிக்கொண்டான். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு ஆடியது. யாருடைய கை என்று தெரியவில்லை.

முகாமில் முதல் வேலையாக எல்லார் துணியையும் வாங்கி ஆவியில் போட்டார்கள். கோட்டு திரும்பி வந்தபோது கை இரண்டும் சுருங்கி முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். தகரத் தட்டில் சோறு போட்டார்கள். நீளமான கொட்டகையில் அவனுக்கு அடுத்தாற்போல் இருந்தது ஆலங்காயத்துப் பக்கத்துக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். அவள் பெயர் அமிர்தவள்ளி. ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததும் அவளே வந்து பேச்சுக் கொடுத்தாள். எந்தத் தோட்டம், கங்காணி யார் என்று விசாரித்தாள். தோட்டம் இல்லை, வாணம் பார்க்கப் போகிறேன் என்றான்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நாங்க கஞ்சிக்கு வழியில்லாம வந்தோம். நீங்க இன்னாத்துக்கு இங்க வந்து குந்திக்கினு இருக்கீங்க?"

கூட வந்தவர்கள் என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லிலேயே நிறுத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் முகாமிலும் ஒரு கொடி ஏற்றி, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். தேவசகாயம் கம்பி வேலி ஓரமாகப் போய்த் தெற்கே பார்த்து நின்றான். கொழும்பு எத்தனை மைல் என்று அவனுக்குத் தெரியும். அங்கே சூரியன் இறங்குகிற நேரமும் தெரியும். முதல் குண்டு எத்தனை மணிக்கு என்பதும் நகரசபைக் கடிதத்தில் இருந்தது. அந்த மணி வருவதற்கு முன்பே உள்ளே வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அழுதால் பக்கத்தில் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை நினைத்தபோது அவன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை காலையில் விட்டார்கள். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, இனி இலங்கைக்குத் தாராளமாகப் போகலாம் என்றார்கள். அமிர்தவள்ளி குடும்பம் கப்பலுக்குப் போகிற வண்டிக்குப் போனது. அவன் எதிர்ப்பக்கம் போகிற வண்டிக்காக உட்கார்ந்தான். மத்தியானம் அது வந்து நின்றபோது, இரண்டாம் வகுப்பிலிருந்து வாஹித் குதித்து ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். கண்டிக்கும் போய்விட்டு அன்றுதான் திரும்புகிறார்களாம். உள்ளேயிருந்து சம்பத் கையசைத்தான். துரைசாமி தூங்குகிற மாதிரி இருந்தார்.

வாஹித் தன் இடத்துக்குப் போகாமல் மூன்றாம் வகுப்பில் அவனருகே வந்து உட்கார்ந்தான். கேட்காமலே சொன்னான். ஜனம் ரொம்ப ஜாஸ்தி. வடக்கே ஒரு பெரிய பந்தல் இருந்தது, அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள் என்று அங்கே உட்கார்ந்துகொண்டார்களாம். பத்து நிமிஷம் ஆனதுமே ஒரே புகை. துரைசாமிக்கு இருமல் வந்துவிட்டது. பாதியிலேயே எழுந்து போய்ச் சாப்பிட்டார்கள்.

பச்சை எத்தனை, குண்டு ஒரு தடவை வெடித்ததா இரண்டு தடவையா என்று தேவசகாயம் கேட்டான். வாஹித்துக்கு ஞாபகமில்லை.

இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகு வாஹித் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"செகண்டு கிளாஸ்ல இடம் இருந்துச்சு, தேவா. துரைசாமி சாரு உன்னோட ஒரே பெட்டியில வரமாட்டேன்னுட்டாரு. அதான் சம்பத் அப்படி எடுத்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எடுக்கறப்பவே."

"கையெழுத்து?"

வாஹித் வெளியே பார்த்தான். "டாக்டரு எங்களையும் நிறுத்திடுவாருன்னு பயந்துட்டேன். பேஜாராயிடும்னு நெனச்சேன். ஒரு நிமிசம் கெடச்சிருந்தா போட்டிருப்பேன்."

அந்த ஒரு நிமிஷம் கிடைத்திருந்தது என்று தேவசகாயம் சொல்லவில்லை. அடுத்த ஸ்டேஷனில் வாஹித் இறங்கித் தன் பெட்டிக்குப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

ஊர் வந்து பத்து நாள் கழித்துச் சம்பத் ஆளனுப்பினான். வாசகசாலையில் துரைசாமி கொழும்பு விழாவைப் பற்றிப் பேசப்போகிறாராம். நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது. தேவசகாயம் கடைக்குப் போனபோது துரைசாமி பெஞ்சில் இருந்தார். அவர் மண்டபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாணத்தைப் பற்றி இரண்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எங்களுக்குப் பார்க்கத்தான் தெரியும், சொல்ல உனக்குத்தான் வரும் என்றார். சம்பத் தாளும் மையும் எடுத்து வைத்தான்.

"நான் பாக்கல சார்" என்றான் தேவசகாயம்.

"பாக்கலன்னா இன்னா? உனக்குத் தெரியாததா?"

தெரியும்தான். எதற்குப் பின் எது போயிருக்கும், திடலில் வெளிச்சம் எப்படி விழுந்திருக்கும், தெற்கு ஓரத்தில் நின்றவன் என்ன கண்டிருப்பான் என்று நின்ற இடத்திலேயே நாலு பக்கம் எழுதிவிட முடியும் அவனால். பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தான். மூடியைத் திறந்தான். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டான்.

"ஒரே ஊரு, அவ்ளோதான் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

துரைசாமி வாசகசாலையில் பேசினார். கண்டியைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேசினார் என்று கேள்வி. சவுரியம்மாள் தன் கணவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைப் பிரித்து அவளுக்குத் தெரிந்த அளவில் கையை நீட்டித் தைத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை.

ஆடி மாதம் பள்ளிகொண்டாவில் வாணம் என்று சேதி வந்தது. அவன் போகவில்லை. இரண்டாவது தடவை வேலூரிலிருந்து சேதி வந்தபோதும் போகவில்லை. மூன்றாவது தடவை அவனுக்குச் சேதி வரவேயில்லை.

பட்டை வண்டியோடு வாஹித் பதினைந்து நாளுக்கொரு தடவை ஷாப்புக்கு வருவான். முன்பெல்லாம் வந்தால் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறவன். இப்போது வாசலில் நின்றான். தேவசகாயம் தலை நிமிராமல், எத்தனை வண்டி என்று கேட்டான். மூணு என்றான் வாஹித். சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். இவன் வேறு ஏதாவது கேட்பான் என்று காத்திருப்பது தெரிந்தது. கேட்டால் போதும், அந்த இடத்திலேயே மனசில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிற முகமாக இருந்தது அது. அந்த முகத்தைப் பார்க்கத் தேவசகாயத்துக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை எழுதிக்கொண்டேயிருந்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே வண்டிமாட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.