சம்ப்புக்குள் ஒரு கடல்

"தண்ணியில பெட்ரோல் வாசனை சார். மேல எண்ணெயா மின்னிகினு கீது. இன்னா, உங்க கம்பெனி வேலையா?"

வீட்டுக்காரர் நடேசன் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பிலிருந்து மொண்டு நீட்டிய சொம்பைப் புருஷோத்தமன் முகர்ந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, பெயின்ட்டில் கலக்கும் தின்னர்! பக்கத்து பெயின்ட் தொழிற்சாலையில் அவன்தான் சேஃப்டி ஆபீசர். அங்கே பூமிக்குள் புதைத்த தின்னர் டேங்க் கசிவது தெரிந்தும், நன்றாக இருக்கிறது என்று மேலிடத்தில் அடித்துச் சொன்னவன். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும்.

"அண்ணே, சம்ப் தோண்டுனப்போ சிப்பி அச்சு விழுந்த கல்லு வந்துச்சுன்னீங்களே?"

"ஆமா, அதுக்கு இன்னா?"

"இந்தச் சேரப்பணஞ்சேரி ஒரு காலத்துல கடலுண்ணே. கண்ணுக்கே தெரியாத உசுருங்க, பாசி எல்லாம் செத்து அடியில விழும். சேறு மூடிக்கும். மக்கறதுக்குக் காத்து இருக்காது. மேல மேல மண்ணு அழுத்தி, கோடி கோடி வருஷம் சூட்டுல வெந்தா என்னவாகும்? எண்ணெய்!"

பாடம் சரிதான். அப்படி வெந்து எண்ணெயாக மைல் கணக்கில் ஆழம் வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

நடேசனின் கண்கள் விரிந்தன. "நம்ம நெலத்துலயா! கேஸும் வருமா?"

"இன்னும் சூடேறினா கேஸ்தான். ஆனா மூச்சு விடாதீங்க. கவர்மென்ட்டு நெலத்தைப் புடுங்கிக்கும்."

மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பெண் முத்துச்செல்வி இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, தண்ணி ஒரே நாத்தம். குளிச்சா மேலெல்லாம் எரியுது. கம்ப்ளைன்ட் பண்ணுவமா?"

"மோட்டார் கிரீஸ்மா அது. போ, போ!" என்று நடேசன் அவளை விரட்டினார்.

கசிவுக்குச் சம்பளமில்லாத காவல்காரர் கிடைத்துவிட்டார். புருஷோத்தமன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

நடேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்ப் மூடியைத் தள்ளினார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "கேஸ் கீதான்னு பாத்துடலாம் சார்!"

ஒரு கத்தல் போதும், நிறுத்திவிடலாம். புருஷோத்தமன் வாயைத் திறந்தான். எரிந்தால் தின்னரும் எரியும், கேள்வி கேட்ட ஆளும் இருக்க மாட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தான்.

குப்பென்று எழுந்த தீ நடேசனின் தலைமுடியையும் பனியனையும் ஒரே வாயில் கவ்வியது.

அலறிக்கொண்டு ஓடி வந்த முத்துச்செல்வி சாக்கைப் போட்டு அவரை உருட்டினாள். கருகிய உதடுகள் அசைந்தன. "கீது சார்... கேஸு... நெறைய கீது..."

அக்கம்பக்கம் திரண்டுவிட்டது.

"பூமிக்குள்ள இருந்த கேஸுங்க," என்றான் புருஷோத்தமன், கண்ணைத் துடைத்தபடி. "வேணாம் வேணாம்னு சொன்னேன். மனுஷன் கேக்கல."