சம்மதித்தவரைப் பதுங்கித் தாக்குவது பற்றி

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, நான்கு வளர்ந்த மனிதர்கள் தொண்டை வற்றக் கத்திய சண்டை. விஷயம் இதுதான்: ஒரு திருடி, தன் கூட்டாளியை, அவன் சம்மதத்தோடு பதுங்கித் தாக்க முடியுமா?

சிரிக்காதீர்கள். நானும் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

“தன்னைக் கத்தியால் குத்தச் சொல்லி அத்தான் அக்காவிடம் கெஞ்சிய அந்த இனிய மத்தியானத்தில்…”

அடித்துவிட்டேன். நல்ல வரிதான், ஆனால் பொய். அத்தான் கெஞ்சுகிற ஆள் இல்லை.

2

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போகமாட்டீர்கள், நான் ஏதாவது தப்பாகச் சொல்கிறேனா என்று பார்ப்பீர்கள்.) ஒரு மேசை, சில பகடைகள், ஒரு விதிப்புத்தகம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இருப்பார்கள். எங்கள் ஆட்டத்தை நடத்துபவள் நான். அக்கா திருடி. அவள் கணவர், என் அத்தான், கவசம் போட்ட வீரன். நான்காவது ஆள் மேல்மாடிக்காரர், லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்தில் மந்திரவாதி, மேசையில் வக்கீல். விதிகளை உட்பிரிவு எண்ணோடு ஒப்பிப்பார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே உட்பிரிவு. (“மெக்கானிக்னு போடாதீங்க, டெக்னீஷியன்னு போடுங்க” என்றார். போடவில்லை.)

அன்றைக்கு ஒரு சூனியக்காரி வீரனின் நெஞ்சுக்குள் கல் ஒன்றை வைத்துவிட்டாள். ஒரே அடியில் பதினைந்து புள்ளிக் காயம் பட்டால் கல் உடையும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் வீரன் முழுக்கக் கல்லாகிவிடுவான். திருடியின் கத்திக்கு ஒரே ஒரு பகடை. ஆறுக்கு மேல் போகாது. பதுங்கித் தாக்கினால் மட்டும் கூடுதலாக மூன்று பகடை.

3

அத்தான் மூன்று வருஷமாக வளர்த்த வீரன் அவன். “குத்து,” என்றார்.

அக்கா நான்கு பகடைகளையும் கையில் அள்ளினாள்.

“நில்லுங்கம்மா,” என்றார் உட்பிரிவு. “உங்களுக்கு ஒண்ணுதான்.”

“ஏண்ணா?”

“விதி என்ன சொல்லுது? ‘எதிர்பாராத எதிராளியை’. முதல்ல இவர் எதிராளியே இல்ல. ரெண்டாவது, குத்துன்னு அவரே சொல்லிட்டாரு. அப்புறம் எப்படி எதிர்பாராம இருப்பாரு?”

“சம்மதிச்சவர் தடுக்க மாட்டாரே. அப்ப கத்தி இன்னும் ஆழமா இறங்கணும்ல?”

“தடுக்காம இருக்கறது வேற, தெரியாம இருக்கறது வேற.”

இப்படியே ஒரு மணி நேரம் போனது. தேநீர் ஆடை கட்டியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்; தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லவில்லை. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

அப்போதுதான் அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். கோபம் வந்தால் கையை முன்னால் நீட்டிக்கொண்டு பேசுவாள், யார் முட்டியையோ பிடித்திருப்பதுபோல.

“என் க்ளினிக்குக்கு வாங்கண்ணா, காட்டறேன். முட்டி மடங்காம வருவாங்க. எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்க. ‘மூணு எண்ணுவேன், அப்புறம்தான் மடக்குவேன்’னு சொல்லுவேன். ரெண்டுலயே மடக்கிடுவேன். மூணு வரைக்கும் விட்டா சதை இறுகிடும். அவங்க சம்மதிச்சாங்களா? சம்மதிச்சாங்க. எதிர்பார்த்தாங்களா? இல்ல. இப்ப சொல்லுங்க, இது பதுங்கித் தாக்கறது இல்லாம வேற என்ன?”

உட்பிரிவு புத்தகத்தை மூடினார். அவர் அதை மூடி நான் பார்த்ததே இல்லை.

அக்கா பகடைகளைக் குலுக்கினாள். ஜெயித்துவிட்ட முகம்.

“எங்கிட்டயும் ரெண்டுலயே மடக்கிட்டியா?” என்றார் அத்தான்.

அவர் குரல் உயரவில்லை. வீரனின் பலமும் காயமும் எழுதிவைக்கும் தன் ஆட்டத்தாளின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். “காலையில இந்தத் தாளைப் புதுசா பிரிண்ட் எடுக்கப் போனேன். பிரிண்டர்ல இதுவும் இருந்துச்சு.”

வேலை நியமனக் கடிதம். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. துறைத்தலைவி. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கீழே, ஏற்றுக்கொள்கிறேன் என்று அக்காவின் கையெழுத்து, ஒன்பது நாள் முந்தைய தேதியோடு.

4

முதல் பிரதியில் இந்த இடத்தில் அக்காவை வில்லியாக்கினேன். “அவள் உதட்டோரத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு…” சே. அப்படி எதுவும் இல்லை. பகடைகள் கையிலிருந்து உருண்டு ஒன்று தரையில் விழுந்தது.

“நீங்கதானே சொன்னீங்க,” என்றாள். “கல்யாணமான புதுசுல. உனக்கு எங்க நல்ல இடம் கெடச்சாலும் நான் பின்னாடியே வந்துடுவேன்னு.”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன?”

“அன்னைக்கு எனக்குக் கடை இல்ல.”

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, கண்ணாடியை அவரே தேய்த்து, சட்டத்தை மூக்குக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பார். தெருவில் பாதிப் பேர் அவர் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு மொத்தமாகக் கொடுத்த சம்மதம் ஒன்று. இந்த மாதம், இந்தக் கடிதம் என்று கேட்டு வாங்குகிற சம்மதம் வேறொன்று. இதை நான் இப்போது அழகாக எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் ஆடை கட்டிய தேநீரைக் கலக்கியதுதான்.

5

இனி என் பங்கு.

அந்த வேலையைப் பற்றி அக்கா என்னிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தாள். “அவர்கிட்ட உளறிடாதடி. நானே நேரம் பாத்துச் சொல்றேன்.” தினமும் கேட்டேன், சொல்லிட்டியா என்று. தினமும் நாளைக்கு என்றாள். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லையும் பதினைந்து புள்ளியையும் நான்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டு அமைத்தேன். திருடி வீரனைக் குத்தாமல் தப்பிக்க வழியில்லாதபடி. குத்தும்போதாவது வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன்.

பிரிண்டர் என் வேலை இல்லை. மற்றதெல்லாம் என் வேலை. ஆட்டத்துக்கு வருகிறேன் என்று சம்மதித்த இரண்டு பேரை நான் பதுங்கித் தாக்கினேன். அதனால்தான் அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

அன்றைக்கே அதை ஒப்புக்கொண்டேன். அக்கா என்னை முறைத்தாள். அத்தான், “உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்,” என்றார். கவனித்தார், இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

6

இந்த இடத்துக்கு மூன்று தொடர்ச்சிகள் எழுதினேன். ஒன்றில் அக்கா கடிதத்தைக் கிழிக்கிறாள். (அவள் கிழிக்கமாட்டாள். அந்தப் பதவிக்கு அவளைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.) ஒன்றில் அத்தான் “கெளம்பு, நாளைக்கே கடையை மூடிடறேன்” என்று சொல்லி, எல்லாரும் அழுது… வேண்டாம். மூன்றாவது, நடந்தது.

அக்கா நாற்காலியை அத்தான் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “நான் போகட்டுமாங்க?” என்றாள்.

“போகட்டுமான்னு கேக்காத. நான் யாரு உன்னை நிறுத்த? வர்றீங்களான்னு கேளு.”

அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. போகட்டுமா என்பதற்கு வரக்கூடிய பதிலுக்குத் தயாராக இருந்தாள், இதற்கு இல்லை.

“வர்றீங்களா?”

“தெரியல,” என்றார் அத்தான். “ரெண்டு நாள் குடு.” பிறகு எழுந்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். “சரி, ஆட்டத்தை முடிப்போம். நான் பாக்கல. எப்ப குத்துவேன்னு சொல்லாத.”

உட்பிரிவு துள்ளி எழுந்தார். “செல்லும்! இது செல்லும்! சம்மதம் இருக்கு, நேரம் தெரியல. நாலு பகடை!”

அக்கா தரையில் கிடந்த பகடையை எடுத்தாள். மற்ற மூன்றையும் என் பக்கம் நகர்த்திவிட்டாள்.

“ஒண்ணு,” என்றாள் சத்தமாக.

“ஐயோ, எண்ணாதீங்கம்மா!”

“ரெண்டு. மூணு. குத்தறேங்க.”

அந்த ஒற்றைப் பகடையில் நான்கு விழுந்தது. வீரன் கல்லானான். நான் நினைத்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்கலாம், மேசையில் எனக்கு அந்த அதிகாரம் உண்டு. அவள் எண்ணி முடித்ததை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. உட்பிரிவு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தான் திரும்பி அந்தப் பகடையைப் பார்த்தார். மூன்று வருஷத்து வீரனின் ஆட்டத்தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அக்கா கையில் கொடுத்தார்.

7

இரண்டு நாள் கழித்து, இப்போதைக்கு வரவில்லை என்றார். அக்கா ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாள். ஏழு மாதம் ஆகிறது. சனிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அத்தான் ரயில் ஏறுகிறார். சில வாரம் அவள் வருகிறாள். இரண்டு தடவை பெரிதாகச் சண்டை போட்டார்கள். போன மாதம் அவள் ஊரில் ஒரு கடையை வாடகைக்குப் பார்த்தார்கள். வெளிச்சம் போதாது என்றார் அத்தான். வெளிச்சம்தானா காரணம் என்று எனக்குத் தெரியாது.

இதை அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு பேரிடமும் படிக்கக் கொடுத்தேன். பாடம் கற்றவள் நான். அக்கா ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, “போட்டுக்கோ,” என்றாள். அத்தான் கடையில், கண்ணில் பூதக்கண்ணாடியோடு, கடைசிப் பக்கம் வரை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. முடிவை மட்டும் எழுதாத.”

“வாசகர்கள் கேப்பாங்களே அத்தான்.”

“கேக்கட்டும். நாங்களே இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம்.”

என்னிடம் ஒரு முடிவு தயாராக இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒன்று தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காதில் விழ வேண்டாம்.